ஒரு மனை தள்ளிப்போன தெரு

ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து இங்கே எல்லாரும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். "சொந்த ஊருக்கே வந்துட்டீங்க சிஸ்டர்." அப்பா பிறந்தது இந்த மலையில் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கூட, கையை நீட்டிக்கொண்டே இதைச் சொல்கிறார். குளிர்ந்த காற்றுக்கும் பலாப்பழத்துக்கும் சாமைச் சோற்றுக்கும் நான் இத்தனை வருடம் ஏங்கிக்கிடந்ததாக அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் சிரித்து மழுப்புகிறேன். உண்மையைச் சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும். நான் ஏங்குவது சென்னைக்கு மேற்கே, மின்சார ரயிலை விட்டு இறங்கி இருபது நிமிடம் நடந்தால் வருகிற, கொசுவும் சாக்கடையும் உப்புத் தண்ணீரும் நிறைந்த ஒரு புறநகருக்கு.

அங்கே எங்கள் தெருவில் மொத்தம் ஆறு வீடுகள். முதல் வீடு எங்களுடையது. கடைசி வீடு பாயுடையது. போன வருடம் அந்தக் கடைசி வீட்டை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அது இடிபடுகிற நிலைக்கு வந்ததற்குக் காரணம் என் அப்பா. இடிபடாமல் தடுக்க முடிந்தவள் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தெருவைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் பகுதியின் பெயர் 'நகர்' என்று முடியும். எனக்கு நினைவு தெரிந்தபோது நகரத்துக்கான ஒரு லட்சணமும் அதில் கிடையாது. ஏரியை ஒட்டிய வயல்களை வாங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, முகப்பில் ஒரு வளைவைக் கட்டி, நகர் என்று எழுதிவிட்டார் ஒருவர். வளைவுக்கு உள்ளே முள்ளுக்காடு. வெளியே எருமைகள். சுற்றிலும் திறந்த வெளியாக இருந்தாலும் எருமைகள் அந்த வளைவு வழியாகத்தான் உள்ளே வரும். எங்களைவிட அவற்றுக்குத்தான் ஊர்மரியாதை தெரிந்திருந்தது.

அப்பா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மனையை வாங்கியபோது விற்றவர் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டி, "முனையில பனைமரம் ஒண்ணு இருக்கும், அதை ஒட்டினாப்ல இருக்கறது உங்களுது" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வரைபடத்தை விட்டுவிட்டார், பனைமரத்தைப் பிடித்துக்கொண்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த மலைக்கு வந்த பிறகுதான் அது எங்கிருந்து வந்த புத்தி என்று புரிந்தது. இங்கே நிலத்துக்கு எல்லை கேட்டால், "அந்தப் புளியமரத்துலேந்து இந்தப் பாற வரிக்கும்" என்று கையைக் காட்டுகிறார்கள். காட்டிய கைக்கு ஊரே சாட்சி. அப்பாவும் அடிக்கடி சொல்வார்: "கல்லு உருண்டு பூடும். மரம் நடக்காது."

மரம் நடக்காதுதான். ஆனால் வெட்டிப் போடலாம். அப்பா மனை வாங்கியதற்கும் வீடு கட்ட வந்ததற்கும் நடுவில் இரண்டு வருடம். அதற்குள் முனைப் பனையை யாரோ உத்தரத்துக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பதடி தள்ளி இன்னொரு பனை நின்றது. எல்லைக் கற்களைப் பார்க்கலாம் என்றால், ஒன்று பக்கத்துக் குடிசையில் துணி துவைக்கும் கல்லாகியிருந்தது, மற்றவை முள்ளுக்குள். ரோடு என்று ஒன்று இருந்தால்தானே முனை எது என்று தெரியும்? அப்பா நின்ற பனையைப் பார்த்தார், சூடம் கொளுத்தினார், கடைக்கால் தோண்டிவிட்டார். அடுத்தவர் மனையில்.

அது அவரோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுத் தகராறாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீடு அந்தத் தெருவின் முதல் வீடு. இரண்டாவதாகக் கட்ட வந்த ஆரணிக்காரர், "முதல் மனைக்கு அடுத்தது என்னுது" என்று எங்கள் சுவரிலிருந்து அளந்தார். மூன்றாமவர் ஆரணிக்காரர் சுவரிலிருந்து அளந்தார். இப்படியே ஒவ்வொருவரும் முன்னால் கட்டியவரை நம்பி அளந்து, தெரு முழுக்க ஒரு மனை தள்ளிப் போயிற்று. இது அப்போது ஒருவருக்கும் தெரியாது. கொத்தனாருக்குத் தெரியாது, வரி போட வந்தவருக்கும் தெரியாது. கதவிலக்கம் போட வந்தவர் எங்கள் கதவில் ஒன்று என்று எழுதி, வரிசையாக ஆறு வரை எழுதிவிட்டுப் போனார். அதுவே வேதவாக்காகிவிட்டது. தபால்காரர் எங்கள் தெருவை 'மலைக்காரர் தெரு' என்றார். அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆறாவதாக வந்தவர்தான் பாய். வாணியம்பாடிக்காரர், பெரியமேட்டில் தோல் வியாபாரம். வீடு கட்டத் தொடங்கிய அன்று தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு எந்த ஊர் என்று விசாரித்தவர், ஜவ்வாது மலை என்றதும் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க மலைக் கடுக்காய்லதான் எங்க தாத்தா தோலு பதம் போட்டாரு. மூட்ட மூட்டயா வரும். அப்ப நாம சொந்தக்காரங்க மாதிரி."

"அந்த மூட்டயில பாதி எங்கப்பன் தூக்கனதுதான்" என்றார் அப்பா. அவர் அப்பன் கடுக்காய் மூட்டை தூக்கியதாக அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த நொடியில் அது உண்மையாகத்தான் இருந்தது.

பாய் வீடு தெருக்கோடியில், ஏரியில் வெட்டிய மண்ணைக் கொட்டிய மேட்டில் அமைந்தது. ஐப்பசி பிறந்தால் ஏரிக்குத் தன் பழைய இடம் ஞாபகம் வந்துவிடும். முதலில் எங்கள் வாசற்படி முழுகும். பிறகு ஆரணிக்காரர் வீட்டு அடுப்பு முழுகும். பாய் வீட்டு வாசலை மட்டும் தண்ணீர் தொடாது. அதனால் மழைக்காலத்தில் ஐந்து வீட்டுக்காரர்களும் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போவோம். பாயின் மனைவியை நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுவோம். அவருக்கு நான் 'பேட்டி', உருதுவில் மகள். அவர் யாரையும் வா என்றும் சொல்ல மாட்டார், ஏன் வந்தாய் என்றும் கேட்க மாட்டார். பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, "வெங்காயம் உரிங்க" என்று தட்டை நீட்டுவார். எனக்கு வெள்ளம் என்றால் இன்றைக்கும் வெங்காய வாசனைதான். ஊரே தண்ணீரில் தத்தளிக்கும்போது நாங்கள் பிள்ளைகள் அந்த வீட்டு மொட்டை மாடியில் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, வெள்ளம் வடிந்தால் எனக்கு அழுகை வரும்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம், தெருமுனையில், ஒரு காலி இடம். தெருவின் ஒரு கோடியில் பூங்கா என்று வரைபடத்தில் இருப்பதாக எல்லாருக்கும் தெரியும். எந்தக் கோடி என்று யாரும் பார்க்கவில்லை. காலியாக இருந்தது இதுதான், ஆகவே இதுதான் பூங்கா. 'பார்க்கு' என்று சொல்வோமே தவிர அங்கே புல்கூட ஒழுங்காக முளைக்காது. ஆனால் நகரின் வாழ்க்கை நடந்ததெல்லாம் அங்கேதான். கபடி, பந்து, பொங்கல் கோலப்போட்டி, தேர்தல் கூட்டம், கல்யாணப் பந்தல், சாவுக்குப் போடும் நாற்காலிகள் எல்லாம் அங்கே. பாயின் மகளுக்கு நிக்காஹ் நடந்தபோது பிரியாணி அண்டாக்கள் அங்கேதான் இறங்கின. என் கல்யாணத்துக்கும் அதே இடத்தில்தான் பந்தல். எனக்கு அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை, அது வேறு கதை. பந்தல் நன்றாக இருந்தது.

யாருக்கும் சொந்த ஊரில்லாத ஊர் அது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாதித் தெரு அவரவர் ஊருக்கு ரயிலேறிவிடும். போகும்போது சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் ஊரைக் கொஞ்சம் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் புளியும் சாமையும் கொடுப்போம், பாயம்மா வாணியம்பாடியிலிருந்து மக்கன் பேடா கொண்டுவந்து கொடுப்பார். அப்புறம் தார் ரோடு வந்தது. ரோட்டுக்குப் பின்னால் அடுக்குமாடிகள் வந்தன. எருமைகள் போயின. வளைவையும் ஒரு மணல் லாரி இடித்துவிட்டுப் போயிற்று. பக்கத்துத் தெருக்களில் இப்போது இருப்பவர்களுக்கு அடுத்த கதவில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாது. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் ஆறு வீடுகள் மட்டும் பிடிவாதமாகத் தரையோடு தரையாக நின்றன. அப்பா போய்விட்டார், பாயும் போய்விட்டார். அம்மா முதல் வீட்டில் தனியாக, பாயம்மா கடைசி வீட்டில் தனியாக. சாயங்காலமானால் பாயம்மா எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேருக்கும் முட்டிவலி. அதைப் பற்றியே தினமும் ஒரு மணிநேரம் பேச அவர்களால் முடிந்தது.

எங்கள் பகுதியை மாநகராட்சியோடு சேர்த்த பிறகு, பூங்காக்களை மீட்கிறோம் என்று அளக்க வந்தார்கள். நான் அப்போது விடுமுறையில் அங்கே இருந்தேன். சர்வேயர் இளவயதுக்காரர். முக்காலி மேல் கருவியை வைத்து அரைநாள் அளந்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இந்தத் தெருவுல ஒருத்தர்கூட அவங்கவங்க மனைல இல்லியேமா!"

மோர் கொடுத்தோம். குடித்துவிட்டு விளக்கினார். நாங்கள் பார்க்கு என்று சொன்ன காலி இடம்தான் அப்பாவின் பத்திரத்தில் இருக்கும் மனை. எங்கள் வீடு நிற்பது ஆரணிக்காரருடையதில், ஆரணிக்காரர் வீடு அதற்கடுத்தவருடையதில். அப்படியே போய், ஆறாவதான பாய் வீடு நிற்பதுதான் உண்மையான பூங்கா இடம். மற்ற ஐந்து வீடுகளும் ஏதோ ஒரு தனியார் மனையில் நிற்கின்றன, சமாளித்துக்கொள்ளலாம். பாய் வீடு மட்டும் அரசாங்க இடத்தில். மறுவாரம் அந்தக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அலுவலகத்துக்கு நான்தான் போய்ப் பேசினேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். காது கொடுத்துக் கேட்டார். "ஆறு பேரும் ஆளுக்கொரு மனை மாத்தி பரிவர்த்தனைப் பத்திரம் போட்ருங்க. உங்க காலி மனைய பூங்காவுக்கு எழுதிக் குடுத்துருங்க. அந்தக் கடைசி வூட்டத் தொட மாட்டோம், அதுக்கு நான் மேல எழுதறேன். ஒரு மாசம் டைம் தர்றேன்." மற்ற நால்வரும் உடனே சரி என்றார்கள், அவர்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. பாக்கி இருந்தது நாங்கள்தான். அப்பாவின் வாரிசுகள் அம்மாவும் நானும் மட்டுமே.

சரி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டுவைப்போம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இத்தன வருஷம் குடியிருந்ததால வீடு அனுபவ பாத்தியத்துல உங்களுது. காலி மனை பத்திரத்துல உங்களுது. ரெண்டும் உங்களுக்கே, எதுக்குத் தூக்கிக் குடுக்கறீங்க?" என்றார் அவர். அப்படியானால் பாயம்மாவுக்கு? "அவங்க கையில பத்திரம் இருக்கும். மனை இருக்காது. பாவம்தான்."

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. வாழ்நாள் முழுக்க அரசாங்கக் குவார்ட்டர்ஸில் படுத்து எழுந்தவள் நான். அம்மாவுக்குப் பக்கத்திலேயே எனக்கென்று ஒரு வீடு, பின்னால் ஒரு பலாக்கன்று. ஒரே ராத்திரியில் மனசுக்குள் கிரகப்பிரவேசமே முடித்துவிட்டேன். அம்மாவிடம், "யோசிச்சு சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பினேன். பாயம்மாவைப் பார்க்காமலே கிளம்பினேன்.

அம்மாவுக்கு வக்கீல் சொன்னது தெரியும். "அவருதான் தப்பா கட்டனாரு. நாமதான் சரி பண்ணணும். ஆனா அந்த மனையில நாளைக்கி இருக்கப் போறவ நீ. நீ சொல்லு, கையெழுத்து போடறேன்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார். இங்கே சுகாதார நிலையத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றால்தான் போன் எடுக்கும். தினமும் மாலை அங்கே போய் நிற்பேன். "இன்னாடி முடிவு பண்ண?" என்பார் அம்மா. "இன்னும் யோசிக்கறேன்" என்பேன். மருந்து எண்ணும்போதும் தடுப்பூசிக்குப் போகும்போதும் எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். பாயம்மாவுக்கு மகள் இருக்கிறாள். வாணியம்பாடியில் பெரிய வீடு. தனியாக இருப்பதைவிட அவருக்கு அதுதான் நல்லது. முட்டிவலி வேறு. இப்படி எத்தனை நல்லெண்ணம் எனக்கு!

பதினோராம் நாள் அம்மா முடிவு கேட்கவில்லை. "பாயம்மா மூணு நாளா வூட்டாண்ட வரலடி" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "போய்ப் பாத்தியா?" என்றேன். "இன்னா மூஞ்ச வெச்சிக்கினு போறது?" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். போளூரில் இறங்கி, கண்ணமங்கலம் வழியாக வேலூர், காட்பாடியில் ரயில். வழி முழுக்க, எப்படிச் சொன்னால் பாயம்மாவுக்கு வலிக்காது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைசி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. நோட்டீஸைக் கிழிக்காமல் அப்படியே விட்டிருந்தார். உள்ளே சுவர்களில் ஒன்றுமில்லை. காபா படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. துணி மூட்டைகள் ஒரு பக்கம், அட்டைப் பெட்டிகள் ஒரு பக்கம்.

வாசலை ஒட்டித் தனியாக ஒரு குவியல். சோப்புப் போட்டு விளக்கித் துடைத்து அடுக்கிய பாத்திரங்கள். ஒரு தூக்குவாளி, இரண்டு டபரா, இட்லித் தட்டு, மூடி தொலைந்த ஒரு சம்படம். குனிந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது.

"இதெல்லாம் இன்னா பாயம்மா?"

"உங்க வூட்டுதுதான் பேட்டி. கொழம்பு, பாயசம்னு எப்பப்பவோ வந்தது. சாமான் கட்டும்போது மொதல்ல அத்த தேடித்தேடி எடுத்து வெச்சேன். ஞாயித்துக்கெழம மக வர்றா. போறதுக்கு முன்ன குடுத்துடணுமில்ல." நாற்காலியைத் தூசி தட்டிவிட்டு, "உக்காரு. எப்ப வந்த? துன்னியா?" என்றார்.

நான் உட்காரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. தப்புச் செய்தவளுக்குத்தான் முதலில் கோபம் வரும். "மனை எங்க பேர்ல இருக்குதுன்னு தெருவுக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும். எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

பாயம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தே சொன்னார்.

"கேட்டு, நீ முடியாதுன்னு சொல்லியிருந்தீன்னா? இந்த வூடு போனா மக வூடு இருக்குது. அப்பறம் உன் மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது? சாவறவரிக்கும் உங்கம்மா வாசலுக்கு எப்பிடி வர்றது? அதான் கேக்கல."

நான் அந்தக் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. முடிச்சு இறுக்கமாக இருந்தது, பல்லால் இழுத்து அவிழ்த்தேன். மறுவாரம் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். காலி மனையில் பூங்கா என்று மாநகராட்சி பலகை வைத்துவிட்டது. பாயம்மா சாயங்காலத்தில் வழக்கம்போல் எங்கள் வாசலுக்கு வருகிறார். நான் கேட்ட விடுமுறை சீக்கிரம் கிடைக்காததால்தான் அத்தனை நாள் ஆயிற்று என்று அவராகவே நினைத்துக்கொண்டு, தெருவில் எல்லாரிடமும் என்னை மெச்சிக்கொண்டிருக்கிறார். அந்தப் பதினோரு நாளும் நான் முடியாது என்று சொல்வதற்குத்தான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதை இன்றுவரை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.